பத்து நொடி காத்திருந்தால் போதுமா?

இலக்கியம் பேசுகிற இடத்தில் கணினி வட்டுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். நியாயந்தான். ஆனால் அச்சுக் கோத்த காலத்தில் மையின் தரத்தைப் பற்றியும் தாளின் கனத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிய சிற்றிதழ்க்காரர்களை நாம் குறை சொன்னதில்லை. ஓலைச்சுவடிகளைச் செல்லரித்த கதையை வகுப்பறைகளில் எத்தனையோ முறை உருக்கமாகச் சொல்லியிருக்கிறோம். இன்று நம் கவிதைகளும் ஆய்வேடுகளும் பழைய முதற்பதிப்புகளின் மின்படிகளும் உறைகிற இடம் வட்டு. அங்கே அவற்றை எழுதி வைக்கிற ஏட்டெழுத்தருக்கு 'ஃபைல் சிஸ்டம்' என்று பெயர். கோப்பமைப்பு என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். அவர் எப்படி எழுதுகிறார், எங்கே தவறுகிறார், அவரைச் சோதிக்கிறவர்கள் ஒழுங்காகத்தான் சோதிக்கிறார்களா என்பவையெல்லாம் நம் அக்கறைக்கு வெளியே நிற்கக் காரணமில்லை. நிரல் எழுதுவது நம் தொழிலன்று. பாடபேதம் பார்ப்பது நம் தொழில். இங்கே சொல்ல வருவதும் ஒருவகையில் பாடபேதம் பற்றியதே.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்த அக்கறை சற்றுக் கூடுதலாகவே இருக்கவேண்டும். பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா நூலகம் இங்கே இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள், அவற்றுள் எத்தனையோ முதற்பதிப்புகள். மாவட்ட எல்லையைத் தாண்டினால் வருகிற கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுதும் சேர்த்த நூல்கள்தாம் 1994இல் சென்னைக்குப் போய் ஆராய்ச்சி நூலகமாயின. இத்தகைய தொகுப்புகளை மின்படியாக்கவேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆக்கியபின் அவை எங்கே, யார் கையில், எந்த நம்பிக்கையில் இருக்கும் என்று கேட்பதில்லை. இதே மாவட்டத்தில்தான் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் புகுந்து ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடிப் பகுதிகளில் தென்னையையும் பலாவையும் மின்கம்பங்களையும் ஒன்றாகச் சாய்த்தது. பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. புயலடிக்காத நாளிலும் எழுதிக்கொண்டிருக்கும்போதே விளக்கணைவது நமக்குப் புதிதன்று.

குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டைப் பொறித்த தச்சர் 'வெட்டிவிட்டேன்' என்று சொல்லியிருந்தால் அது வெட்டப்பட்டிருக்கும். போய்த் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். கோப்பமைப்பு 'எழுதிவிட்டேன்' என்று சொல்கிறபோது பெரும்பாலும் இன்னும் எழுதியிருக்காது. நாம் கொடுத்ததை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு, பிறகு சாவகாசமாக வட்டுக்கு அனுப்பும். லினக்ஸில் இந்தச் சாவகாசம் ஏறத்தாழ முப்பது நொடி வரை நீளலாம். வேகத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு, அதில் வஞ்சகமில்லை. 'இப்போதே வட்டில் இறக்கு, இறக்கியபின் சொல்' என்று கட்டளையிட 'எஃப்சிங்க்' என்றொரு தனி அழைப்பு உண்டு. பல நிரல்கள் அதைச் சோம்பலாலோ வேகத்தின் பொருட்டோ விட்டுவிடுகின்றன.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது 2009இன் தொடக்கத்தில் உலகமறியத் தெரிந்தது. எக்ஸ்ட்-3 என்ற பழைய கோப்பமைப்பு ஐந்து நொடிக்கொரு முறை தன் குறிப்பேட்டை வட்டில் முடித்து வைக்கும் வழக்கமுடையது. எழுத்தை முதலில் இறக்கி, அதன்பின் பெயரைப் பதிவதும் அதன் பழக்கம். அதற்குப்பின் வந்த எக்ஸ்ட்-4, எழுத்துக்கு வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது. விளைவு, பழைய கோப்பின்மேல் புதிய கோப்பைப் பெயர்மாற்றி வைக்கும் நிரல்களில், பெயர்மாற்றம் வட்டை அடைந்தது, உள்ளடக்கம் அடையவில்லை. அந்த இடைவெளியில் கணினி விழுந்தவர்களுக்கு எழுந்தபின் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத சுழியளவுக் கோப்புகள் கிடைத்தன. பழையதும் போயிற்று, புதியதும் வரவில்லை. அந்த ஆண்டு வந்த கர்னல் 2.6.30இல் இதற்குப் பரிகாரம் சேர்த்தார்கள். கோப்பமைப்பின் மேலா, எஃப்சிங்க் கேட்காத நிரல்களின் மேலா குற்றம் என்று நடந்த வழக்கு இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. சுவடி அழிந்ததற்கு எழுத்தாணியா ஏட்டெழுத்தரா காரணம் என்பது போன்ற வழக்கு. ஏட்டை இழந்தவருக்கு அதில் ஆர்வமிராது.

இப்படி நேருமுன்பே கண்டுகொள்ளத்தான் பழுதூட்டுச் சோதனை என்ற முறை. வேண்டுமென்றே வட்டைப் பழுதாக்கிக் காட்டுவார்கள். உண்மையான வட்டை உடைப்பதில்லை. கோப்பமைப்புக்கும் வட்டுக்கும் நடுவே ஒரு போலி அடுக்கை வைத்து, 'இந்த எழுத்து ஏறவில்லை', 'இந்தப் பக்கம் படிக்க முடியவில்லை' என்று பொய் சொல்ல வைப்பார்கள். லினக்ஸ் கர்னலிலேயே இதற்கான வசதி 2007இல் 2.6.20 பதிப்போடு வந்துவிட்டது. பழுதைச் சந்தித்த எழுத்தர் நேர்மையாக 'முடியவில்லை' என்கிறாரா, முன்பு எழுதியதையாவது காப்பாற்றுகிறாரா, அல்லது ஒன்றும் நடவாததுபோல் அடுத்த வேலைக்குப் போகிறாரா என்று பார்ப்பது நோக்கம்.

இதுவரை சிக்கலில்லை. சோதனையே தடுமாறத் தொடங்கும்போதுதான் சிக்கல். அச்சக உலகத்தில் வைத்துச் சொன்னால் நம் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும்.

ஒரு பதிப்பாசிரியர் தம் மெய்ப்புத் திருத்துநரைச் சோதிக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல புரூஃபில் பத்துப் பிழைகளைத் தாமே புகுத்தி அனுப்புகிறார். எத்தனையைப் பிடிக்கிறார் என்று பார்க்கவேண்டும். ஆனால் அச்சகத்தில் இன்னொரு பையன், வழக்கமான தன் சுற்றில், அதே பக்கத்தின் பிழையில்லாத புரூஃபைத் திருத்துநர் மேசைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறான். அவனுக்கு இந்தச் சோதனை தெரியாது. இரண்டு பையன்களில் யார் முதலில் போய்ச் சேர்கிறார் என்பது வழியில் தேநீர்க்கடை இருப்பதையும் இல்லாததையும் பொறுத்தது. திருத்துநர் 'பிழை ஒன்றுமில்லை' என்று கையெழுத்திட்டு அனுப்புகிறார். அவர் கண் பழுதா, அவர் கண்டது நல்ல தாளா? இதைவிட மோசமானதும் நடக்கலாம். புகுத்திய பிழை வேறொரு பக்கத்தோடு கலந்து அவர்முன் வந்து, அவர் திணறி, 'ஆள் திறமையில்லாதவர்' என்று பதிப்பாசிரியர் முடிவுகட்டலாம். தேறியதும் பொய், தவறியதும் பொய்.

கோப்பமைப்புச் சோதனையிலும் நடப்பது இதுவே. சோதனை நிரல் ஒரு கோப்பை எழுதுகிறது. பிறகு வட்டைப் பழுதாக்கும்படி போலி அடுக்குக்குச் சொல்கிறது. பிறகு இன்னொன்றை எழுதி என்ன ஆகிறதென்று பார்க்கிறது. இதற்கிடையே கர்னலின் பின்னணி எழுத்தர், யாரும் கேட்காமலே, தன் சுற்றில் நினைவகத்திலுள்ளதை வட்டுக்கு இறக்கிக்கொண்டிருக்கிறார். அவர் முந்திவிட்டால் பழுது வருமுன் எல்லாம் வட்டேறிவிடும்; சோதனை 'தேறியது' என்னும். அவர் பிந்திவிட்டால் நாம் குறிவைத்த கோப்புக்குப் பதில் குறிப்பேட்டின்மேல் பழுது விழும். சோதனை வேறு காரணத்தால் தவறும். நூறுமுறை ஓட்டினால் தொண்ணூற்றொன்பது முறை ஒருமாதிரி, ஒருமுறை வேறுமாதிரி.

இதற்கு ஆங்கிலத்தில் 'ரேஸ் கண்டிஷன்' என்று பெயர். 'பந்தய நிலை' என்று சொல்லுக்குச் சொல் மாற்றிவைத்திருக்கிறார்கள் சிலர், நமக்கு ஒப்புதலில்லை. பந்தயத்தில் ஓடுகிற இருவருக்கும் மற்றவர் ஓடுவது தெரியும், வெல்லும் ஆசையும் உண்டு. இங்கே ஒருவர் இருப்பதே மற்றவருக்குத் தெரியாது. முன்பின் முறை மயங்கிக் கிடப்பதுதான் விஷயம். காலமயக்கம் என்று இலக்கணத்தில் ஒரு சொல் இருக்கிறது. அதன் வழியில் 'முறைமயக்கம்' என்று இதைச் சொல்லலாம் என்பது நம் யோசனை. வேறு நல்ல சொல் கிடைத்தால் விட்டுக்கொடுக்கத் தயார். பந்தயம் மட்டும் வேண்டாம்.

முறைமயக்கத்தைக் கண்ட நிரலாளர்கள் வழக்கமாகச் செய்கிற பரிகாரங்கள் மூன்று. நம் கருத்து வேறுபாடு அவற்றின்மேல்தான்.

முதலாவது, பத்து நொடி தூங்கச் சொல்வது. பழுதை மாட்டியபின் பத்து நொடி காத்திரு, அதற்குள் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். எழுதியவர் கணினியில் பத்து நொடி போதும். வேலை மிகுந்த இன்னொரு கணினியில் போதாது, அங்கே இருபதாக்குவார்கள். நேரத்தை வாங்கிக்கொடுத்து ஒழுங்கை வாங்க முடியாது. இரண்டாவது பையனைப் பத்து நிமிடம் கழித்து அனுப்புவதால் முதல் பையன் போய்ச் சேர்ந்தான் என்று ஆகிவிடாது. போய்ச் சேர்ந்திருக்கக்கூடும் என்றுதான் ஆகும். இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. கோப்பமைப்பின் உண்மைப் பிழை பல சமயம் அந்தக் குறுகிய இடைவெளியில்தான் ஒளிந்திருக்கும். எழுத்துக்கும் பெயர்மாற்றத்துக்கும் நடுவிலுள்ள அந்தச் சில நொடிதானே 2009இல் அத்தனை கோப்புகளை வெறுமையாக்கியது? தூங்கி எழுகிற சோதனை அந்த இடைவெளியைக் கடந்துபோய்விடுகிறது. சோதிக்க வந்ததையே தவிர்த்துவிட்டு, தேறியது என்று சான்றிதழ் எழுதுகிறது.

இரண்டாவது, மூன்றுமுறை ஓட்டி இரண்டுமுறை தேறினால் தேறியதாக வைத்துக்கொள்வது. தமிழ் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கவேண்டும். ஐந்து சுவடிகளில் நான்கு ஒரு பாடத்தைத் தருகின்றன, ஒன்று மட்டும் வேறாக இருக்கிறது என்றால் நல்ல பதிப்பாசிரியர் வாக்கெடுப்பு நடத்தமாட்டார். அந்த நான்கும் ஒரே மூலத்தைப் பார்த்தெழுதிய படிகளாயின் அவை நான்கல்ல, ஒன்று. தனித்து நிற்கிற சுவடி வேறு வழியில் வந்ததாக இருக்கலாம். புரியாத பாடமே சில சமயம் மூலபாடமாக இருக்கும், புரிந்ததெல்லாம் பின்னால் வந்தவர் எளிமையாக்கியதாக இருக்கும். அதனால்தான் பாடபேதத்தை அடிக்குறிப்பிலாவது காப்பாற்றி வைக்கிறார்கள். சோதனையிலும் ஒரே கணினியில், ஒரே சூட்டில், ஒரே வேகத்தில் ஓடிய தொண்ணூற்றொன்பது ஓட்டங்கள் ஒரே சுவடியின் தொண்ணூற்றொன்பது படிகள் போன்றவை. தவறிய அந்த ஒன்றுதான் வேறு வழியில் வந்த பாடம். அதைப் பெரும்பான்மை வைத்துத் தள்ளுகிறவர் பதிப்புத் தொழிலுக்கு வந்திருந்தால் நாம் அஞ்சியிருப்போம்.

மூன்றாவது பரிகாரம், அந்தச் சோதனையையே பட்டியலிலிருந்து தூக்கிவிடுவது. இதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சரியான வழி எது? நேரத்தைக் கேட்காமல் வரிசையைக் கேட்பது. பிழையுள்ள புரூஃப் திருத்துநர் கையில் சேர்ந்ததற்கு அவர் ஒப்பமிட்ட சீட்டு திரும்பி வந்தபின்தான் அடுத்த பையன் கிளம்பவேண்டும். போலி அடுக்கு 'பழுதை மாட்டிவிட்டேன்' என்று சொல்லும் வரை சோதனை நிற்கவேண்டும். எத்தனை நொடியானாலும் சரி. அதோடு, பழுது உண்மையில் எத்தனைமுறை பட்டது என்று அடுக்கு கணக்குச் சொல்லவேண்டும். ஒருமுறைகூடப் படவில்லையென்றால் சோதனை தேறவுமில்லை, தவறவுமில்லை, நடக்கவேயில்லை. மூன்றாவதான இந்த விடையை எழுத இடமில்லாத விடைத்தாள்கள்தாம் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது.

சொல்வது எளிது, செய்வதில் நுட்பம் இருக்கிறது. லினக்ஸ் கோப்பமைப்புகளுக்கு எக்ஸ்.எஃப்.எஸ்.டெஸ்ட்ஸ் என்றொரு பெரிய சோதனைத் தொகுப்பு உண்டு. எக்ஸ்.எஃப்.எஸ். என்ற ஒரு கோப்பமைப்புக்காகத் தொடங்கி இன்று எல்லாவற்றுக்கும் பொதுவான உரைகல்லாகிவிட்டது. அதில் மின்வெட்டைப் பாவனை செய்ய 'டி.எம்-ஃப்ளேக்கி' என்ற போலி அடுக்கைப் பயன்படுத்துவார்கள். இந்த அடுக்கு அடிப்படையில் கடிகாரத்தை நம்பியது: இத்தனை நொடி யோக்கியமாக இரு, இத்தனை நொடி அயோக்கியமாக இரு என்று அதற்குச் சொல்லவேண்டும். அப்படியே விட்டால் முறைமயக்கத்துக்கு அழைப்பிதழ் வைத்ததாகும். எனவே தொகுப்பை எழுதியவர்கள் நல்ல நிலையையும் கெட்ட நிலையையும் இரண்டு தனி அட்டவணைகளாக்கி, யோக்கிய நொடி சுழி, அயோக்கிய நொடி மிகப் பல என்று வைத்து, வேண்டும்போது வட்டை நிறுத்தி அட்டவணையை மாற்றி மீண்டும் ஓடவிடுகிறார்கள். கடிகாரம் போயிற்று, கட்டளை வந்தது.

ஆனால் வட்டை நிறுத்தும் வழக்கமான கட்டளைக்கு ஒரு நற்பழக்கம் உண்டு. நிறுத்துமுன் கோப்பமைப்பைக் கூப்பிட்டு, கையிலுள்ளதையெல்லாம் ஒழுங்காக எழுதி முடித்துக்கொள் என்று சொல்லும். மின்வெட்டு அப்படிச் சொல்லிவிட்டா வருகிறது? அந்த நற்பழக்கத்தோடு நிறுத்தினால் எழுதாமல் கிடந்ததெல்லாம் வட்டேறிவிடும். எந்தக் கோப்பமைப்பும் தேறிவிடும். திருத்துநரிடம் போய் 'ஐயா, வருகிற தாளில் பிழை இருக்கிறது, கவனம்' என்று சொல்லிவிட்டுத் தாளைக் கொடுப்பது போலத்தான். ஆகவே அந்த எச்சரிக்கை மணியை அடிக்காமல் நிறுத்தும்படி ஒரு சிறிய விருப்பச் சொல்லை அந்த இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். முறைமயக்கத்தை நீக்கப்போய்ச் சோதனையின் உயிரையே நீக்கிவிடாமலிருக்க இத்தனை கவனம் தேவைப்படுகிறது. அந்தச் சொல் எவ்வளவு சிறியதென்றால், அறியாத ஒருவர் தேவையற்றதென்று அழித்துவிடக்கூடும். அழித்தால் எதுவும் தவறாது, எல்லாம் தேறும். நமக்கு அச்சம் தருவது அதுதான்.

இதற்கும் மேலான ஒரு வழியை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்: காலத்தை அடியோடு ஒதுக்கிவிடுவது. வட்டுக்குப் போகிற ஒவ்வொரு எழுத்தையும் வரிசை மாறாமல் பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு ஆறஅமர, இந்த இடத்தில் மின்சாரம் போயிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும், அடுத்த இடத்தில் போயிருந்தால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பிப் பார்ப்பது. லினக்ஸில் எழுத்துகளை இப்படிப் பதியும் அடுக்கு 2015இல் 4.1 பதிப்போடு வந்தது. சுவிட்சை எந்தக் கணத்தில் அணைப்பது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் ஆசிரியர் வரிசையில் நம் காதுக்குப் பழகிய பெயர்கள் தொடர்ந்து வருவதைக் காண்கிறோம். 2014இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை. சுசீந்திரத்து மூர்த்தியின் பெயர்; படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய பெயர். கோப்பு அழிவதைப் பற்றி ஆய்வு செய்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமாக வாய்க்காது. அவரும் விஜய் சிதம்பரம், ராம்நாத்தன் அழகப்பன் முதலியோரும் 'ஆலிஸ்' என்ற கருவியை வைத்துப் பரவலாகப் பயன்படும் 11 மென்பொருள்களை ஆராய்ந்து 60 பலவீனங்களைக் கண்டுசொன்னார்கள். 2018இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஜெயஸ்ரீ மோகன், பாண்டியன் ராஜு உள்ளிட்டோரும் விஜய் சிதம்பரமும் எழுதிய கட்டுரை, எழுத்தைப் பதிந்து மீட்டுப் பார்க்கும் வழியில் முதிர்ந்த லினக்ஸ் கோப்பமைப்புகளில் புதிதாகப் 10 பிழைகளைக் கண்டது. அவற்றில் ஏழு 2014 முதலே யார் கண்ணிலும் படாமல் இருந்தவை. இவர்களுக்கும் முன்னால், 2004இல், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மூன்று கோப்பமைப்புகளில் 32 கடும்பிழைகளைக் காட்டினார்கள். அவர்களில் ஒருவரான மதன்லால் முசுவத்தி பின்னர் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் 2008இல் 'செஸ்' என்ற கருவியைச் செய்வதில் முன்னின்றார். முறைமயக்கப் பிழையைத் தற்செயலுக்கு விடாமல், முன்பின் வரிசைகளை முறையாக மாற்றி மாற்றி ஓட்டி, கண்ட பிழையை அதே வரிசையில் மீண்டும் வரவழைத்துக் காட்டும் கருவி அது. நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் இந்தப் பெயர்களை அறிந்தவர் எவருமில்லை என்பது பெரிய குற்றமன்று. ஆனால் நம் நூல்களை எதில் வைப்பது என்று முடிவு செய்கிற குழுக்களிலும் அறிந்தவரில்லை என்றால் அது வேறு.

சோதனையில் மட்டுமன்றி, பழுதைச் சொல்வதிலேயே முறைமயக்கம் இருந்த ஒரு கதையையும் இங்கே சொல்லிவிடவேண்டும். லினக்ஸில் ஒரு கோப்பை இரண்டு நிரல்கள் திறந்து வைத்திருக்கும்போது பின்னணியில் வட்டெழுத்து தவறிவிட்டால், அந்தத் தவறு ஒரு கொடியாகக் குறித்து வைக்கப்படும். எஃப்சிங்க் கேட்டு முதலில் வருகிறவரிடம் 'தவறிவிட்டது' என்று சொல்லிவிட்டுக் கொடியை இறக்கிவிடும். அடுத்து வந்து கேட்பவருக்கு 'எல்லாம் சரி' என்பதே விடை. துக்கச் செய்தியை முதலில் கதவு தட்டியவரிடம் மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களிடம் நலமென்று சொல்லுகிற வீடு. 2017இல் வந்த 4.13 பதிப்பில்தான் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது செய்தி போய்ச்சேரும்படி மாற்றினார்கள். மறு ஆண்டே போஸ்ட்கிரஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தளக்காரர்களுக்கு இன்னொன்று தெரியவந்தது. எஃப்சிங்க் தவறினால் மறுபடி கேட்கலாம் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். மறுபடி கேட்டால் 'ஆயிற்று' என்று விடை வரும். எழுத்து மட்டும் வட்டில் இராது. தவறிய பக்கத்தைச் சுத்தமான பக்கமென்று கர்னல் குறித்துவிட்டிருக்கும். 2019இல் வெளியான திருத்தங்களுக்குப்பின் போஸ்ட்கிரஸ் மறுபடி கேட்பதை விட்டது. எஃப்சிங்க் தவறினால் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பழைய குறிப்பேட்டிலிருந்து மீண்டு எழுகிறது. 'மூன்றுமுறை முயன்று பார்' என்பவர்கள் இந்தக் கதையை இருமுறையாவது படிக்கவேண்டும்.

நம் நூல்களுக்கு வருவோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 முதல் இயங்கும் ஈழத்து நூலகம் திட்டமும், அரசின் இணையக் கல்விக்கழகமும், நூலகங்களும் ஏற்றி வைத்திருப்பவை கொஞ்சமல்ல. மூன்று இடத்தில் படி வைத்திருக்கிறோம், கவலையில்லை என்று மின்படியாக்கத்தில் ஈடுபட்டவர்கள் பொதுவாகச் சொல்வதுண்டு. 2017இல் ஐஸ்வர்யா கணேசனும் ராம்நாத்தன் அழகப்பனும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை இந்த ஆறுதலைக் கலைக்கிறது. பல கணினிகளில் படியெடுத்து வைக்கும் எட்டு அமைப்புகளை எடுத்து, ஒரே ஒரு கணினியில், ஒரே ஒரு கட்டத்தில், ஒரே ஒரு பழுதை ஊட்டினார்கள். கடிகாரத்தை வைத்தன்று, கட்டத்தின் எண்ணை வைத்து. அப்படியும் தரவு இழப்பும், கெட்ட படி நல்ல படிகளின்மேல் பரவுவதும் நேர்ந்தன. படிகள் பெருகியதாலேயே காப்பு வந்துவிடவில்லை. ஒரு சுவடியின் பிழையை நூறு படிகள் சுமந்த வரலாறு நமக்குத் தெரியாததா?

மின்படியாக்க ஒப்பந்தங்களில் புள்ளியடர்த்தி எவ்வளவு, பக்கத்துக்கு எத்தனை பைசா என்றெல்லாம் விவரமாக எழுதுகிறார்கள். நாளைக்கு மின்சாரம் நடுவில் போனால் உங்கள் சேமிப்பு மென்பொருள் என்ன செய்யும், அதை எப்படிச் சோதித்தீர்கள், அந்தச் சோதனையில் பழுது உண்மையில் பட்டதென்று எப்படி அறிந்தீர்கள் என்றும் ஒரு பத்தி சேர்க்கலாம். விடை தெரியாதென்றால் அந்த விடையையும் கோப்பில் வைக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பெண்ணைத் தனியே எழுதிவைத்து, ஆண்டுக்கொரு முறையேனும் ஒப்பிடச் செய்வது செலவில்லாத காரியம். இது நமக்கு அந்நியமுமன்று. பரிபாடலில் எழுபது பாடல்கள் இருந்தனவென்று பொருள்வாரியாகக் கணக்குச் சொல்லும் ஒரு பழைய வெண்பா இருப்பதால்தான், கிடைத்த இருபத்திரண்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு போயிற்று என்று நம்மால் சொல்ல முடிகிறது. அந்த வெண்பா பாடல்களோடு சேர்ந்து அழியாமல் தனியே தப்பியதையும் கவனிக்கவேண்டும்.

இம்மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் செயல்திட்டத்துக்குப் பொருள் தேடி அலைகிறார்கள். சிறு நூலகங்கள் இலவசமாகக் கிடைக்கிற எந்த மென்பொருளில் தம் மின்படிகளைச் சேமிக்கின்றனவோ, அதை எடுத்துச் சோதித்துக் காட்டலாமே. பழைய கணினி ஒன்று போதும். சுவர் சுவிட்சை அணைத்து அணைத்துப் பார்க்கலாம் என்று முதலில் தோன்றும். அதில் நூறுமுறை தேறிவிட்டதென்று வந்து நிற்பவர்களிடம், நூறுமுறையும் எழுத்தர் எங்கே இருந்தார் என்று கேட்டால் விடை இராது. எழுத்து வரிசையைப் பதியும் அந்த அடுக்கை மாட்டி, ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னும் ஒருமுறை என்று மின்வெட்டைப் பாவனை செய்து, தவறியவற்றின் வரிசையை அப்படியே அறிக்கையில் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அந்த அறிக்கையைத் தமிழில் எழுதித் தந்தால் மெய்ப்புப் பார்த்துக்கொடுக்க நாம் இருக்கிறோம்.